குன்னூர்ச் சரிவில் 3 அடித் தடுப்புச் சுவர்: ஹாலோ பிளாக்கா, வறட்டுக் கல் கட்டா?

தோட்டத்துப் பாத்திக்கு 3 அடிக்குள் தடுப்புச் சுவர் வேண்டுமென்றால் குன்னூர், கோத்தகிரி பக்கம் இரண்டு வழிதான் பேச்சில் வரும். ஒன்று சிமெண்ட் இல்லாமல் அடுக்கும் வறட்டுக் கல் கட்டு, மற்றது கம்பி போட்ட ஹாலோ பிளாக். நாங்கள் பிளாக்கைத்தான் எடுத்தோம். இடம் குறுகலென்றால் மற்றவர்களுக்கும் அதையே சொல்வோம்.

அழகு கல்லுக்கே. செலவு, லாரி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தலைச்சுமை என்பதைப் பொறுத்தது.

கல் கட்டுக்கு அடிப்பக்கத்து அகலம் உயரத்தில் பாதியாவது வேண்டும். 3 அடிச் சுவர் ஒன்றரை அடியை விழுங்கிவிடும். பிளாக் 8 அங்குலத்தோடு நிற்கும். மிச்சத்தில் ஒரு வரிசை கேரட் போடலாம். கல்லைக் கடித்து உட்காரவைக்கத் தெரிந்த கொத்தனாரும் வேண்டும். பிளாக்குக்கு ரசமட்டமும் நூலும் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

20 அடி நீளத்துக்கு 16×8×8 அங்குல பிளாக் வரிசைக்கு 15. மண்ணுக்குள் ஒன்று, மேலே நான்கு வரிசை என்றால் 75. உடைசலுக்கு ஐந்து சேர்த்து வாங்குங்கள். வானம் (அஸ்திவாரப் பள்ளம்) 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், நிரப்பிய மண்ணைத் தாண்டிக் கெட்டி மண் வரை. பள்ளத்தின் அடியில் கான்கிரீட் 8 அங்குலம். அதிலிருந்தே 16 அங்குலத்துக்கு ஒரு 10 மி.மீ. கம்பி எழுப்பி, கம்பி வரும் பிளாக் குழிகளில் சிப்ஸ் ஜல்லி (சின்ன ஜல்லி) கான்கிரீட் கலவையைக் குத்தி நிரப்ப வேண்டும். கம்பி குழியின் நடுவில் அல்ல, மண் பக்கம் ஒட்டி நிற்கட்டும். சுவர் முன்னால் வளையும்போது இழுபடுவது அந்தப் பக்கம்தான்.

இனி தண்ணீர். சுவரின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. பின்னால் 3 அடிக்குத் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அது மட்டுமே சுமார் 400 கிலோ தள்ளும். ஈரமில்லாத மண் தள்ளுவதைவிட இது அதிகம். கல் கட்டில் இடுக்கு வழியாகத் தானே வடிந்துவிடும். பிளாக்கில் வழியை நாம்தான் விட வேண்டும். முன்பக்கத் தரைக்குச் சற்று மேலே, 4 அடிக்கு ஒன்றாக 2 அங்குல பிவிசி குழாய், முன்னோக்கிச் சரிவாக. அதன் பின்னால் ஓரடி அகலத்துக்குச் சுவர் நெடுக 20 மி.மீ. ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி. துணியை விட்டால் சிவப்புக் களி ஜல்லிக்குள் இறங்கி, இரண்டு மூன்று மழைக்காலத்தில் குழாயை அடைத்துவிடும். பலர் குழாயை மட்டும் வைத்துவிட்டு வெட்டிய மண்ணையே பின்னால் தள்ளுகிறார்கள். ஐப்பசி மழையில் சுவர் வயிறு தள்ளுவது அதனால்தான்.

மண் நிரப்புவதற்கு முன் இரண்டு வாரமாவது காயட்டும். செப்டம்பர் கடைசிக்குள் ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த ஒரு பராமரிப்பு போதும்.

பிளாக் விரிசல் விட்டால் இடித்துத்தான் கட்ட வேண்டும். கல் கட்டு சரிந்தால் அதே கல்லை எடுத்து அடுக்கிவிடலாம். அதனால் ஆண்டு முழுதும் ஊற்று கசியும் சரிவென்றால் எங்கள் ஓட்டும் கல்லுக்கே. கம்பியில்லாத இன்டர்லாக் பிளாக்கை இந்த மண்ணில் அதிகம் பார்த்ததில்லை, அதனால் அதை ஒப்பிடவில்லை. சுவர் 4 அடி உயரத்தைத் தாண்டினாலோ, சுவருக்கு மேலே வீடோ வண்டிப் பாதையோ இருந்தாலோ, பொறியாளர் வரைபடம் இல்லாமல் வானம் தோண்ட வேண்டாம்.