ஹேம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொண்டால்: ஓய்வா, ஸ்ட்ரெட்ச்சா, ஊசியா?

ரெண்டாவது ரன்னுக்குத் திரும்பி ஓடும்போது பின்தொடையில், ஹேம்ஸ்ட்ரிங் தசையில், சுளீர் என்றது. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மூணு வாரம் ரெஸ்ட் எடு, வலி போனதும் நல்லா ஸ்ட்ரெட்ச் பண்ணு, அப்புறம் ஆடு. அப்படியே செய்தேன், நடக்கும்போது வலியே இல்லை, ஆனால் களத்தில் இறங்கிய முதல் நாளே அதே இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது. அதன்பிறகுதான் என்னென்ன வழி இருக்கிறது என்று தேடிப் படித்தேன்.

முதலில் ஸ்ட்ரெட்ச்சிங். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், 24 விளையாட்டு வீரர்களில் 11 பேருக்கு ஸ்ட்ரெட்ச்சும் தனித்தனி வலுப் பயிற்சியும், 13 பேருக்குப் பக்கவாட்டு நகர்வுகளும் இடுப்பு, வயிற்றை நிலைப்படுத்தும் பயிற்சிகளும் கொடுத்தார்கள். முதல் குழு ஆட்டத்துக்குத் திரும்ப சராசரியாக 37 நாள், அடுத்தது 22. அதைவிட எனக்கு உறைத்தது வேறு: திரும்பிய இரண்டே வாரத்தில் 11 பேரில் 6 பேருக்கு மறுபடி காயம், இன்னொரு பக்கம் ஒருவருக்குக்கூட இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் என் கதையை அப்படியே எழுதி வைத்ததுபோல இருந்தது.

என் ஓட்டு, தசை நீண்டுகொண்டே போகும்போதே அதற்குச் சுமை கொடுக்கும் பயிற்சிக்கு. ஸ்வீடன் ஆய்வாளர் கார்ல் ஆஸ்க்லிங் 75 கால்பந்து வீரர்களிடம் சோதித்து 2013-இல் வெளியிட்டதில், இந்த முறையில் 28 நாள், வழக்கமான பயிற்சியில் 51 நாள். ஜிம் கூட வேண்டாம். மல்லாந்து படுத்து, தொடையைச் செங்குத்தாகக் கையால் பிடித்துக்கொண்டு, வலி தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரை முழங்காலை மெதுவாக நீட்ட வேண்டும். 12 தடவை, மூன்று சுற்று, தினம் இருவேளை. பார்க்க ஸ்ட்ரெட்ச் மாதிரியே இருக்கும், ஆனால் இதில் காலை யாரும் இழுப்பதில்லை, தசைதான் வேலை செய்கிறது.

ஓய்வு? டென்மார்க்கில் 2017-இல் வந்த ஆய்வில், தொடை அல்லது கெண்டைக்கால் காயத்துக்குப் பின் 2-ஆம் நாள் பயிற்சி தொடங்கியவர்கள், 9 நாள் காத்திருந்தவர்களைவிட சுமார் மூன்று வாரம் முன்னதாகத் திரும்பினார்கள். அவ்வளவுதான். பிஆர்பி ஊசியா (நம் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட்டுகளைச் செறிவாகப் பிரித்தெடுத்துப் போடுவது), பர்ஸுக்குத்தான் காயம். நெதர்லாந்தில் 80 பேரிடம் வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டபோது இரண்டு பக்கமும் 42 நாள்தான்.

ஒன்று மட்டும். 'டப்' என்று சத்தம் கேட்டு, உட்காரும் எலும்புப் பக்கம் வலித்து, தொடை நீலமாகக் கன்றினால் இதெல்லாம் செல்லாது, நேராக டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுங்கள்.

எப்போது ஆடலாம் என்பதற்கும் ஆஸ்க்லிங்கே ஒரு சோதனை வைத்திருக்கிறார். மற்ற பரிசோதனை எல்லாம் சரியான பிறகு, கடைசியாக மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்காதபடி பட்டை கட்டி, காலை முடிந்த வேகத்தில் மேலே வீச வேண்டும். வலியோ லேசான பயமோ இருந்தால் ஆட்டம் கிடையாது, இன்னும் சில நாள் பயிற்சி. எனக்கு முதல் தடவை வலிக்கவில்லை, ஆனால் பாதியில் கால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கோர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.