புக்கிட் தாபூரா, புக்கிட் காசிங்கா?

கோலாலம்பூரில் ஞாயிறு காலை மலையேறக் கிளம்புபவர்கள் முதலில் கேட்பது தாபூரைத்தான். தாமான் மெலாவத்திக்குப் பின்னால் முதுகெலும்பு போல் நீண்டு கிடக்கும் குவார்ட்ஸ் பாறைத் தொடர் அது. சுற்றியிருந்த மென்மையான பாறையெல்லாம் மழையில் கரைந்துபோக, இந்தக் கெட்டிப்பாறை மட்டும் தலைதூக்கி நிற்கிறது. வேறெங்கும் வளராத சில செடிகளும் அந்த இடுக்குகளில் உண்டு. மேலே ஏறினால் ஒருபக்கம் கிள்ளான் கேட்ஸ் அணையின் நீர், மறுபக்கம் இரட்டைக் கோபுரம். காட்சிக்கு இதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் பாறை கூர்மை. கையுறை இல்லாமல் பிடித்தால் உள்ளங்கை கிழியும். மழை பெய்த மறுநாள் வேண்டவே வேண்டாம். விழுந்து இறந்தவர்களும் இருக்கிறார்கள். வனத்துறை அனுமதி, வழிகாட்டி, பாதை திறந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

காசிங்கில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. பெட்டாலிங் ஜெயா எல்லையில் இருக்கும் அந்தக் காட்டில் பழைய ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. தோட்டத்தில் வளர்ந்த தாத்தாக்கள் பட்டையைத் தடவிப் பார்க்காமல் நகர மாட்டார்கள். சுற்றிவந்து கிளம்பிய இடத்திலேயே முடிக்கலாம். பக்கத்திலேயே சிவன் கோயில் வேறு.

பிள்ளைகள், மூட்டுவலிக்காரர்கள் உடன் வந்தால் காசிங். பாறையில் ஏறிப் பழகிய நாலு பேர் சேர்ந்தால், வெயில் ஏறுமுன் தாபூர். புதியவர்களை நான் தாபூருக்குக் கூட்டிப்போக மாட்டேன், எவ்வளவு கெஞ்சினாலும்.