சக் டெய்லரின் ஊரில் வாங்கிய சக் 70

கான்வர்ஸ் சக் 70 ஷூ வாங்கலாமா என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூடைப்பந்துக் குழுவில் ஒருவர் கேட்டார். தாராளமாக வாங்குங்கள், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஆட வராதீர்கள் என்றேன். கூடைப்பந்துக்கென்றே பிறந்த ஷூ இது. நடக்க, நிற்க, ஜிம்மில் எடை தூக்க அருமையாக இருக்கும். தாவிக் குதிக்கிற இன்றைய ஆட்டத்துக்கு ஆகாது. அப்படியும் கூடைப்பந்து பிடித்தவர்கள் வீட்டில் ஒரு ஜோடி இருக்க வேண்டும் என்பேன். கணுக்காலின் உட்பக்கம் உள்ள வட்டப் பட்டைதான் காரணம். அதில் ஒரு நட்சத்திரம், அதன் குறுக்கே ‘சக் டெய்லர்’ என்று ஒரு மனிதரின் கையெழுத்து.

முதலில் ஷூவைப் பார்ப்போம். பெட்டியைத் திறந்ததுமே புது ரப்பர் வாசனை தூக்கும். துணி தடித்த கான்வாஸ். கான்வர்ஸின் சாதாரண ரகமான ஆல் ஸ்டாரைத் தொட்டுவிட்டு இதைத் தொட்டால் வித்தியாசம் விரலுக்கே தெரியும். பாதத்தைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை தந்த நிறத்தில் பளபளக்கிறது, உயரமும் கூட. விரல் பக்கம் ரப்பர் தொப்பி, குதிகாலில் கறுப்பு முத்திரை, அடியில் வைர வடிவக் கட்டங்கள், உட்பக்கம் கீழே காற்று போக இரண்டு உலோகக் கண்கள். நான் இன்ஜின் பாகங்களைச் சோதிக்கிற வேலையில் இருப்பவன் என்பதால் முதலில் ஒட்டிய இடங்களைத்தான் பார்த்தேன். துணியையும் ரப்பரையும் சேர்த்துச் சூளையில் வைத்து ஒன்றாக்கும் பழைய வல்கனைஸிங் முறை. நான் வாங்கிய ஜோடியில் எங்கும் இடைவெளி இல்லை, தையலும் நூல் பிடித்தது போல ஓடுகிறது. உள்ளே மெத்தென்ற அட்டை இருப்பதால் நாள் முழுக்க நின்றாலும் பாதம் வலிக்கவில்லை.

அப்புறம் ஏன் ஆட்டத்துக்கு ஆகாது? இதன் வடிவம் 1917-ஐச் சேர்ந்தது. அன்றைய ஆட்டம் வேறு. இரண்டு காலும் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் பந்தை எறிவார்கள். 1937 வரை ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் நடுவட்டத்துக்குத் திரும்பி, நடுவர் பந்தை மேலே போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குவார். வழுக்காத தட்டையான அடி இருந்தால் போதும். ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஹாங்க் லூயிசெட்டி ஓடிக்கொண்டே ஒரு கையால் எறிந்து காட்டியபோதுதான் அமெரிக்காவுக்கே கண் திறந்தது. ஓடித் தாவும் அந்த ஆட்டத்துக்கு இந்தத் தட்டையான அடி போதாது. 1936 டிசம்பர் 30 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொடர்ந்து 43 ஆட்டம் வென்றிருந்த லாங் ஐலண்ட் பல்கலைக்கழக அணியை ஸ்டான்ஃபோர்டு 45-31 என்று சாய்த்தது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தபோது, 1944-இல் மூளைக்காய்ச்சல் வந்து அவருடைய ஆட்டத்தையே முடித்துவிட்டது.

சரி, கையெழுத்துக்கு வருகிறேன். நான் இருப்பது இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ். கம்மின்ஸ் டீசல் இன்ஜின் கம்பெனியால் நம்மவர்கள் பலருக்குத் தெரிந்த ஊர். அந்தக் கம்பெனி தொடங்கிய அதே 1919-இல், இந்த ஊர் உயர்நிலைப் பள்ளி அணியில் பெயர் வாங்கிய சார்லஸ் ‘சக்’ டெய்லர் என்ற பையன் படிப்பை முடித்து வெளியேறினான். கல்லூரிக்குப் போகவில்லை. ஓஹியோவின் ஏக்ரன் நகரத்தில் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனியின் அணியில் ஆடினான். அணியின் பெயர் நான்-ஸ்கிட்ஸ். கம்பெனி விற்ற டயரின் பெயரேதான். பகலில் கம்பெனி வேலை, மாலையில் கம்பெனி பெயர் போட்ட பனியனில் ஆட்டம் என்பதுதான் அந்தக் கால அணிகளின் முறை. பின்னாளில் ஃபயர்ஸ்டோனும் அதே ஊர் குட்இயரும் தேசியக் கூடைப்பந்து லீக்கில் பட்டம் வாங்கும் அளவுக்குப் போயின.

1920களின் தொடக்கத்தில் டெய்லர் சிகாகோவில் கான்வர்ஸ் விற்பனைப் பிரிவில் சேர்ந்தார். அவருடைய உண்மையான வாழ்க்கைத் தொழில் அங்கேதான் ஆரம்பித்தது. ஊர் ஊராகக் காரில் போவார். உள்ளூர்ப் பள்ளி ஜிம்மில் பையன்களைக் கூட்டி வைத்துப் பந்தைக் கடத்துவது எப்படி, காலை ஊன்றித் திரும்புவது எப்படி என்று செய்து காட்டுவார். பயிற்சியாளர்களோடு பேசுவார். அவர் கிளம்பிய பிறகு அந்த ஊர் விளையாட்டுக் கடைக்கு ஷூ ஆர்டர் வரும். 1930களில் அவர் கையெழுத்து பட்டையில் ஏறியது. ஜோடிக்கு இவ்வளவு என்று அவருக்குப் பங்கு எதுவும் கிடையாது. சம்பளம், பயணச் செலவு, அவ்வளவுதான். கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 1969-இல். அவர் இறந்ததும் அதே வருடம் ஜூனில்.

ஒரிஜினல் செல்டிக்ஸ், பஃபலோ ஜெர்மன்ஸ் என்ற அன்றைய புகழ்பெற்ற தொழில்முறை அணிகளில் டெய்லர் ஆடியதாக விளம்பரங்கள் சொல்லி வந்தன. தேடிப் பார்த்தவர்களுக்கு உறுதியான ஆதாரம் சிக்கவில்லை. இதை வைத்து அவரைப் புரட்டுக்காரர் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதிகம் தருகிற அணிக்கு அடுத்த ராத்திரியே மாறிவிடுவார்கள். பத்திரிகையில் வரும் ஸ்கோர் அட்டையில் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். டெய்லர் என்று எத்தனை பேர்! அந்தக் காலத்து ஆட்டக்காரர் யாரை எடுத்தாலும் வரலாற்றில் பாதி இப்படித்தான் காணாமல் போயிருக்கிறது.

இப்படி அணி விட்டு அணி மாறுவதை நிறுத்தியதே செல்டிக்ஸ்தான். ஆட்டக்காரர்களைப் பருவம் முழுக்க ஒப்பந்தத்தில் வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். ஜோ லாப்சிக், டச் டெனர்ட், நாட் ஹோல்மன் என்று அணி நிலைத்தது. ஹோல்மன் செல்டிக்ஸில் ஆடிக்கொண்டே நியூயார்க் சிட்டி காலேஜ் பயிற்சியாளராகவும் இருந்தார். 1950-இல் அந்தக் கல்லூரி ஒரே வருடத்தில் என்.சி.ஏ.ஏ., என்.ஐ.டி. என்ற இரண்டு தேசியக் கல்லூரிப் போட்டிகளின் பட்டத்தையும் வாங்கியது. கல்லூரிக்கும் கூலி ஆட்டத்துக்கும் நடுவே அன்று சுவரே இல்லை என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

செல்டிக்ஸுக்குக் கிடைத்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1923-இல் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் பாப் டக்ளஸ் தொடங்கிய நியூயார்க் ரென்ஸ் முழுக்கக் கறுப்பின ஆட்டக்காரர்களின் அணி. பெயர், அவர்கள் ஆடிய ரெனைசன்ஸ் நடன மண்டபத்திலிருந்து வந்தது. 1932-33 பருவத்தில் தொடர்ந்து 88 ஆட்டம் வென்றார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அன்றைய அமெரிக்கன் கூடைப்பந்து லீக்கில் இடம் இல்லை. பல ஊர்களில் ஓட்டல் அறையும் சாப்பாடும் கிடைக்காமல், ஆட்டம் முடிந்ததும் நூற்றுக்கணக்கான மைல் பஸ்ஸில் போய்ப் படுத்திருக்கிறார்கள். அந்த அணியின் ஃபேட்ஸ் ஜென்கின்ஸும் பில் யான்சியும் கோடையில் கறுப்பினத்தவருக்கான நீக்ரோ லீக்கில் பேஸ்பால், குளிரில் கூடைப்பந்து என்று வருடம் முழுக்க ஓடினார்கள். 1939-இல் சிகாகோவில் நடந்த முதல் உலகத் தொழில்முறைப் போட்டியில் ரென்ஸ் ஆஷ்காஷ் ஆல்-ஸ்டார்ஸை 34-25 என்று வென்று பட்டத்தைத் தூக்கினார்கள். ஆனால் இன்றைய பெரிய தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது 1950-இல்தான். அதற்குள் ஜென்கின்ஸ் போன்றவர்களின் ஆடும் வயதே தாண்டிவிட்டது. இந்தக் கதையை எப்போது படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஏழடி பாப் கர்லாண்ட் வேறு வழி பார்த்தார். ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரிக்கு 1945, 46 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். தொழில்முறை அணிகளுக்குப் போகாமல் ஃபிலிப்ஸ் பெட்ரோலியத்தில் வேலைக்குச் சேர்ந்து கம்பெனி அணியில் ஆடினார். 1948, 1952 ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம். ஆட்டம் ஓய்ந்த பிறகும் கையில் நல்ல வேலை இருந்தது. அன்றைய நிலையில் அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு.

அவருக்குச் சமமான ஜார்ஜ் மைக்கன் எதிர்த் திசையில் போனார். டிபால் கல்லூரியிலிருந்து தொழில்முறை ஆட்டம், பிறகு மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணி, 1949-க்கும் 54-க்கும் இடையில் ஐந்து பட்டம். அவரைத் தடுக்கவே 1951-இல் கூடைக்குக் கீழே, தாக்கும் அணியினர் அதிக நேரம் நிற்கக் கூடாத பாதையை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினார்கள். லீக்கைத் தூக்கி நிறுத்தியவர் வயதான காலத்தில் சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தார். 1965-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் நியாயமான பென்ஷன் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். 2005-இல் இறந்தபோது இறுதிச் சடங்குச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னவர் என்.பி.ஏ. நட்சத்திரம் ஷகீல் ஓ’நீல்.

இவர்களில் தெருவில் எல்லோர் காலிலும் பெயர் இருப்பது டெய்லருக்கு மட்டும்தான். 2003-இல் நைக்கி கான்வர்ஸை 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்த விலையில் அவர் ஓட்டிய கார்ப் பயணங்களுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வழக்கமான அளவைவிட அரை சைஸ் குறைத்து எடுங்கள். கடையில் இருந்த பையனும் அதையேதான் சொன்னான். பாதம் அகலமானவர்கள் உங்கள் அளவையே போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சாதாரண ரகத்தைவிட இருபது முப்பது டாலர் கூடுதல் ஆகும். தினமும் போடுவதாக இருந்தால் அந்தக் காசு வீண் இல்லை. எப்போதாவது ஜீன்ஸோடு போடச் சாதாரண ரகமே போதும், கையெழுத்து அதிலும் இருக்கிறது. உயரக் கழுத்து ரகத்தையே எடுங்கள், தாழ்ந்த கழுத்து ரகத்தில் கணுக்கால் பட்டை கிடையாது. வாஷிங் மெஷினில் போடாமல் பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், நிழலில் உலர்த்தல் போதும். பள்ளி அணியில் ஆடும் பிள்ளைகளுக்கு வாங்குவதாக இருந்தால் ஆடுவதற்கு மெத்தை உள்ள வேறு ஷூ ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.