சரிவு முட்டைப்பெட்டியும் அரை அங்குல மெஷ்ஷும்: வாங்கலாமா?

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய விளையில் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். கோழியைக் காப்பாற்றுவதைவிட முட்டையைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. சில வருடங்களாகச் சரிவுத் தளம் வைத்த முட்டைப்பெட்டியும் வெல்ட் மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த சதுரக் கண் வலை) கூடும் பயன்படுத்துகிறோம். வாங்கலாமா என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் கள்ளன் யார் என்று தெரிய வேண்டும். ஓடுகூட இல்லாமல் முட்டை மாயமானால் பெரும்பாலும் பாம்பு அல்லது உடும்பு. முழுதாக விழுங்கிவிட்டுப் போயிருக்கும். பெருச்சாளி என்றால் வளைக்கு இழுத்துப் போயிருக்கும். உடைந்த ஓடு கிடந்தால் கீரி, காக்கா, மரநாய். மஞ்சள்கரு ஒட்டிய அலகோடு ஒரு கோழியே நின்றால் வெளியில் தேட வேண்டாம். சுண்ணாம்புச்சத்துக் குறைந்தாலும் கோழி முட்டையைக் கொத்தும்; சிப்பியை இடித்துத் தீவனத்தில் போடுங்கள். நம்மூரில் சிப்பிக்கா பஞ்சம்?

காக்கா கதை தனி. முட்டையிட்டதும் கோழி கேறுமே, அந்தச் சத்தம்தான் அதற்குச் சாப்பாட்டு மணி. முருங்கை மரத்தில் காத்திருக்கும். கோழி இறங்கி நாலு எட்டு வைத்துக் கேறி முடிப்பதற்குள் உள்ளே புகுந்து, முட்டையில் துளை போட்டுவிடும். பழைய சிடியைத் தொங்கவிட்டோம். கொஞ்ச நாள் பயந்தது, அப்புறம் அதற்குப் பக்கத்துக் கிளையிலேயே உட்கார்ந்து அலகைத் தீட்டியது.

சரிவுப் பெட்டி இங்கேதான் கை கொடுத்தது. தளம் பின்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். முட்டை மெல்ல உருண்டு, மூடி போட்ட பின் அறைக்குப் போய்விடும். கோழிக்கும் எட்டாது, காக்காவுக்கும் தெரியாது. ஒரு அடிக்கு ஒரு அடி போதும். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி. ஆசாரியிடம் அயனி மரப் பலகையில் செய்யச் சொன்னோம், இன்னும் அசையவில்லை. ரப்பர் பலகை மலிவுதான், ஆனால் மருந்தேற்றாதது என்றால் பூச்சி விடாது. சரிவு கூடிப்போனால் முட்டை மோதிக் கீறும், ஆகவே விழும் இடத்தில் ரப்பர் விரிப்பு வேண்டும்.

குறைகளும் உண்டு. வைக்கோல் போட்டால் முட்டை உருளாது. வெறும் விரிப்பை நாட்டுக்கோழி லேசில் ஏற்காது, விறகு அடுக்குக்கும் ஓலைக் குவியலுக்கும்தான் ஓடும். வாசலில் சாக்கைத் திரையாகக் கட்டி இருட்டாக்கி, உள்ளே ஒரு மரமுட்டையை ஒட்டிவைத்த பிறகே பழகியது. அடைவைக்க இந்தப் பெட்டி ஆகாது. அதற்குப் பழையபடி கடவம் என்ற ஓலைப் பெட்டியில் மணலும் வைக்கோலும்தான். 21 நாளும் மெஷ் கூட்டுக்குள் இருக்கட்டும்.

கூட்டுக்கு ஆறுகோணக் கோழிவலை வேண்டாம். அதன் ஓட்டையில் சின்னப் பாம்பும் எலியும் தாராளமாக நுழையும். அரை அங்குல வெல்ட் மெஷ் விலை கூடுதல், ஆனாலும் அதையே வாங்குங்கள். அரையடி மண்ணுக்குள் இறக்காவிட்டால் பெருச்சாளி தோண்டிவிடும். நமக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு. மண்ணைத் தொடும் பகுதிதான் முதலில் துருப்பிடிக்கிறது. அந்த ஒரு வரிசையைத் தனித்துண்டாகக் கட்டினால் மாற்றுவது எளிது.

நைலான் வலை கூடவே கூடாது. சாரை சிக்கித் துடிக்கும். கீரி, உடும்பு, சாரை எல்லாமே 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கண்ணி, விஷ முட்டை என்ற பேச்சே வேண்டாம். அதுவும் சாரை எலி தின்கிற ஜீவன், நம் விளையில் இருந்துவிட்டுப் போகட்டும். பாம்பும் சாகக்கூடாது, கம்பும் முறியக்கூடாது என்றால் மெஷ்தான் வழி. நாப்தலின் உருண்டை, பூண்டுத் தண்ணீர் எதுவும் எங்கள் வீட்டில் பலிக்கவில்லை. பெட்டி மூடியைத் திறந்ததும் கையை விடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இரண்டு மூன்று கோழி மட்டும் என்றால் இந்தச் செலவு தேவையில்லை. பெரும்பாலும் காலையில்தான் முட்டையிடும். கேறல் கேட்டதும் யாராவது போய் எடுத்துவிட்டால் சரி. பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் பெட்டியை முதலில் செய்யுங்கள், மெஷ்ஷைக் கையில் காசு வரும்போது போடலாம்.