ஒரே ஒரு படம் என்றால் எது? 'சார்பட்டா', 'வட சென்னை', 'மெட்ராஸ்': தண்டையார்பேட்டையில் மூன்று இரவுகள்

கோயம்புத்தூரிலிருந்து சித்தி மகன் வந்திருந்தான். மணலியில் வேலை கிடைத்திருக்கிறது. தனியாக வீடு பார்க்கும் வரை எங்களோடுதான். வந்த அன்றே கேட்டான்: "அண்ணா, உங்கள் வட சென்னைப் பக்கத்தைப் பற்றி ஒரே ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்க்கலாம்?"

கேட்டது என்னிடம். பதில் வந்ததோ மூன்று வாயிலிருந்து. அப்பா 'சார்பட்டா பரம்பரை' என்றார். என் மனைவி 'மெட்ராஸ்' என்றாள். நான் சற்றும் யோசிக்காமல் 'வட சென்னை' என்றேன். அம்மா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "ஒன்பது மணிக்கு என் சீரியல் முடிந்ததும் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்" என்றாள். அப்படித்தான் மூன்று இரவுகளில் மூன்று படமும் ஓடின. முதல் நாள் நான் சொன்ன பதில் மூன்றாம் இரவு என்னிடம் இல்லை. அது பிறகு.

ரிமோட் அப்பாவிடம் இருந்ததால் முதலில் 'சார்பட்டா'.

2021 ஜூலையில் தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வெளியான படம். அப்போது அப்பா அதை என் கைப்பேசியில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் போகவில்லை. "இதை அகஸ்தியாவில் பார்த்திருக்க வேண்டும்" என்பார். 1967இல் திறந்த அகஸ்தியா தியேட்டர் 2020இலேயே மூடிவிட்டது. படம் தியேட்டருக்கு வந்திருந்தாலும் அவருக்கு அது வாய்த்திருக்காது. இதைச் சொன்னால் முகம் வாடிவிடும் என்று நான் சொல்வதில்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கபிலன், அவனைக் குத்துச்சண்டைப் பக்கமே போகவிடாத அம்மா, அவனுடைய சார்பட்டா பரம்பரை என்ற குத்துச்சண்டைக் குழுவின் ரங்கன் வாத்தியார், எதிரே இடியாப்ப பரம்பரை. ஆர்யாவின் உடம்பைப் பற்றி அப்போதே எல்லோரும் பேசிவிட்டார்கள். இந்த முறை நான் பசுபதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வளையத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு குத்தும் அவர் மேலேயே விழுவதுபோல் முகம் மாறுகிறது. டான்சிங் ரோஸாக ஷபீர் வரும் சண்டையை நாங்கள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தோம். கைகளைத் தொங்கவிட்டபடி, தரை சுடுவதுபோல் கால்களை மாற்றி மாற்றி வைத்து ஆடுகிறான். எதிராளிக்கு எங்கே அடிப்பதென்றே தெரியவில்லை. "கையைப் பார்க்காதே, காலைப் பார்" என்று அப்பா தம்பியின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு படம் இறங்கு முகம்தான். பெரிய போட்டியின் நடுவே ஆட்சி கலைந்த செய்தியோடு போலீஸ் நுழையும் இடம் வரை சரி. கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது 1976 ஜனவரி 31. அன்று டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பற்றி அப்பா ஒரு பத்து நிமிடம் பேசினார். அந்தப் பத்து நிமிடத்தில் படம் நகர்ந்துவிட்டதே என்று யாரும் கவலைப்படவில்லை என்பதே ஒரு விமர்சனம். கபிலன் சாராயத்தில் விழுவதும், தொந்தி போடுவதும், கடற்கரையில் மறுபடி பயிற்சி எடுப்பதும் நமக்கு முன்பே தெரிந்த வழி. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படத்தில் அரை மணி நேரம் அதிகம். மாரியம்மாவாக வரும் துஷாரா விஜயன் அந்த அரை மணி நேரத்தையும் பாதிக்குப் பாதி காப்பாற்றிவிடுகிறார். கணவனை உட்காரவைத்துத் திட்டும்போது அம்மாவே சிரித்தாள்.

1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிப் போட்டி ஆடினார். அப்பாவுக்கு அன்று டிக்கெட் வாங்கக் காசில்லை. பெரியமேட்டில் ஸ்டேடியத்துக்கு வெளியே நின்று, உள்ளேயிருந்து கேட்ட கூச்சலை வைத்து அடி விழுந்ததா தப்பியதா என்று நண்பர்களோடு பந்தயம் கட்டியிருக்கிறார். இப்படி ஒரு மனிதர் 'சார்பட்டா'வுக்கு ஓட்டுப் போடாமல் வேறு எதற்குப் போடுவார்? ஆனால் அது அவருடைய வட சென்னை. மணலிக்கு வேலைக்குப் போகிறவனுக்கு அது தாத்தா வீட்டு ஆல்பம். ஆசையாகப் புரட்டலாம், அதை வைத்து வழி கேட்க முடியாது.

இரண்டாம் இரவு என்னுடையது.

'வட சென்னை' 2018 அக்டோபரில் வந்தபோது முதல் வாரத்திலேயே தியேட்டரில் பார்த்தவன் நான். அந்த முதல் காட்சி இப்போதும் அசையவிடுவதில்லை. ஒரு கொலையை முடித்துவிட்டு வந்த நால்வர், ரத்தம் காயாத கத்திகளை மேசையில் போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொன்றது யாரை என்று நமக்குத் தெரிய நெடுநேரம் ஆகிறது. கதை 1987க்கும் அதற்குப் பின்னும் முன்னும் தாவுகிறது. தம்பி பாதியில் திணறிப்போனான். கரண்ட் பில்லின் பின்புறத்தில் குணா இந்தப் பக்கம், செந்தில் அந்தப் பக்கம், நடுவில் ராஜன் என்று கோடு போட்டுக் காட்டினேன். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மீதிப் படத்தைப் பார்த்தான்.

எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது கேரம். அன்பு ஒரு கேரம் ஆட்டக்காரன். இது கதைக்காக ஒட்டவைத்த பொழுதுபோக்கு இல்லை. எங்கள் தெருமுனையில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. பலகைக்கு நேர் மேலே கயிற்றில் ஒரு குண்டு பல்பு, சுவரோரம் ஸ்டூல்கள், எல்லோர் சட்டையிலும் பவுடர். ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு ஆட்டக்காரன் மூச்சை அடக்கும்போது வேடிக்கை பார்க்கிறவர்களும் அடக்குவார்கள். 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநரின் மகள். தனுஷ் குனிந்து பலகையை அளக்கும் பார்வையில் அந்தத் தகரக் கூரை அறை இருக்கிறது. அதற்காகவே வெற்றிமாறனுக்கு ஒரு கும்பிடு.

சந்திராவாக ஆண்ட்ரியா இன்னொரு காரணம். சுற்றிலும் ஆண்கள் கத்தியோடு அலைகிறார்கள். கணக்கு முழுவதையும் மனதில் போட்டு, பொறுத்து, ஆண்டுக்கணக்கில் காய் நகர்த்துகிறவள் இவள். கேரம் ஆடத் தெரியாமலே படத்தின் சிறந்த ஆட்டக்காரி. சாலை வருகிறது, குடிசையைக் காலி செய்யுங்கள் என்ற பேச்சும் கற்பனை இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையை அகலப்படுத்திய நாட்களில் வீடு இழந்தவர்களின் உறவினர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.

பிறகு ஏன் பதிலை மாற்றிக்கொண்டேன்?

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் என் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். அவள் தினமும் தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, தென் சென்னையில் இருக்கும் அலுவலகத்துக்குப் போகிறவள். சேர்ந்த முதல் வாரத்தில், எங்கிருந்து வருகிறாய் என்று பக்கத்து இருக்கைப் பெண் கேட்டிருக்கிறாள். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஐயோ, ராத்திரியில் பயமாக இருக்காதா?" என்று கேள்வி வந்ததாம். "எனக்கு ராத்திரியில் உங்கள் பக்கத்து ஆட்டோ கட்டணம்தான் பயம் என்று சொன்னேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஏழு ஆண்டுகளில் என்னிடம் இதை அவள் சொன்னதே இல்லை. நான் ரசித்துக்கொண்டிருந்த கத்தி அவளுக்குக் கேள்வியாக வந்து சேர்ந்திருக்கிறது.

வெளியான நேரத்தில் மீனவர்களும் கோபப்பட்டார்கள். படகில் வரும் ஒரு நெருக்கமான காட்சி தங்களைப் புண்படுத்துகிறது என்றார்கள். இயக்குநர் வருத்தம் தெரிவித்து அதை நீக்கினார். காசிமேட்டில் படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அப்போது என்னிடம், "செருப்பை இறக்கிவைத்துவிட்டு ஏறுகிற இடம் அது" என்று மட்டும் சொன்னார். நான் அன்று அவரிடம் கலைச் சுதந்திரம் பற்றிப் பேசினேன். இன்று பேசமாட்டேன் என்று சொல்லவில்லை. கொஞ்சம் மெதுவாகப் பேசுவேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தவள். அவளுடைய குறை வேறு. "இந்தப் படத்தில் யாருக்கும் தண்ணீர் பிடிக்கிற வேலையே இல்லையா?" என்றாள்.

நடுவே ஒரு நாள் தம்பியின் விருப்பத்துக்காக 'சுழல்' தொடரைத் தொடங்கினோம். 2022இல் வந்த முதல் பருவம், எட்டு எபிசோட். மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பின்னியிருக்கும் விதம் அருமை. சென்னையிலும் அங்காள பரமேஸ்வரி கோயில்களில் நடக்கும் திருவிழாவை மலையடிவாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே என்று அப்பாவுக்குச் சிறு பொறாமை. இரண்டு எபிசோடோடு தூங்கிவிட்டோம். தொடருக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்: தொடரில் தூங்கலாம், நாளைக்கும் அது அங்கேயே இருக்கும்.

மூன்றாம் இரவு 'மெட்ராஸ்'. 2014 செப்டம்பரில் வந்தது. ரஞ்சித்தின் படம்தான் இதுவும். 'சார்பட்டா'வுக்கு ஏழு ஆண்டு மூத்தது, ஆனால் வயதில் இளையதுபோல் இருக்கிறது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, அங்கே ஒரு சுவர், சுவரில் ஒரு தலைவரின் படம். அந்தச் சுவர் யாருக்கு என்பதற்காக ஆட்கள் சாகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது மிகையாகப்படும். தம்பியும், "ஒரு சுவருக்காகவா?" என்றான். மறுநாள் காலை அவனை எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சுவருக்கு அழைத்துப் போனேன். சுண்ணாம்புக்கு அடியில் ஒரு கட்சியின் பெயர், அதற்கு அடியில் இன்னொன்று, ஓரத்தில் அடுத்த தேர்தலுக்கு இப்போதே இடம் பிடித்து எழுதிய எழுத்து. நகத்தால் சுரண்டினால் மூன்று ஆட்சி உதிரும். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

படத்தின் உயிர் காளி இல்லை என்பது என் கட்சி. கார்த்தி நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் காதல் பாட்டு வந்தால் கதாநாயகன் ஆகிவிடுகிறார், கடைசிச் சண்டையில் முழுக்கவே ஆகிவிடுகிறார். உயிர் காளியின் நண்பன் அன்பு (இவன் வேறு அன்பு), அவன் மனைவி மேரி வீட்டில் இருக்கிறது. கலையரசனும் ரித்விகாவும் சண்டை போடுவது, ஓர் அடி தள்ளி நின்று முறைப்பது, பிறகு குழந்தையைச் சாக்காக வைத்துச் சமாதானம் ஆவது என்று எல்லாமே பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்பதுபோல் இருக்கிறது. அன்புக்கு நேர்வது நேரும்போது நமக்கு அரசியல் நினைவுக்கு வருவதில்லை. மேரி நினைவுக்கு வருகிறாள். அந்தச் சாவு வீட்டில் கானா பாலா பாடும்போது அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

காளி ஐடி கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவன், மாலையில் கால்பந்து ஆடுகிறவன், கல்யாணம் ஆகவில்லையே என்று புலம்புகிறவன். அடிதடி அவனைத் தேடி வருகிறது. அவன் அதைத் தேடிப் போவதில்லை. என் மனைவி அலுவலகத்தில் சொல்ல நினைத்த பதில் இதுதான் என்று எனக்குப் பட்டது. அவளிடம் கேட்டேன். "இப்போதாவது தெரிந்ததே" என்றாள்.

அடி பம்ப்பும் குடங்களும் வந்த காட்சியில் அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வரிசையில் முந்துகிறவர்களைத் திட்டும் முறை சரியாக இருக்கிறதாம். அவளிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு எந்தப் படத்துக்கும் கிடைத்ததில்லை.

ஆகவே, வேலை நேர்த்தி என்றால் இப்போதும் 'வட சென்னை'தான். மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. குடும்பத்தோடு உட்கார்ந்து கைதட்டிப் பார்க்க 'சார்பட்டா', அதிலும் டான்சிங் ரோஸ் வரை. ஒரே ஒன்று, அதுவும் இங்கே குடியிருக்க வருகிறவனுக்கு என்றால் 'மெட்ராஸ்'. அப்பா இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. தம்பியும் ஏற்கவில்லை. அவன் கட்சி மாறி என் பழைய பதிலுக்குப் போய்விட்டான். 'வட சென்னை'யின் அடுத்த பாகமான 'அன்புவின் எழுச்சி' எப்போது வரும் என்று கரண்ட் பில்லை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், படத்தில் பார்த்த இடத்தைப் பார்க்கிறேன் என்று காசிமேட்டுக்குக் கிளம்பிப் போனான். ஏழு மணிக்கு இரண்டு கிலோ சங்கராவோடு திரும்பினான். யாரும் மிரட்டவில்லை, வழி கேட்ட இடத்திலெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்கள் என்றான். அம்மா பையைத் திறந்து செவுளைத் தூக்கிப் பார்த்தாள். விலையைக் கேட்டாள். அவன் சொன்னதும், "அடுத்த வாரம் என்னை எழுப்பு" என்றாள்.