ஸ்பின்னிங் மில்லில் ஒரு சின்ன பிஎல்சி: கேபிளும் டிரைவரும் வைத்த சோதனைகள்

எங்கள் மில்லில் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டை ஓட்டுவது கையகலப் பிஎல்சி ஒன்று, அதாவது இயந்திரங்களை இயக்கும் சின்னத் தொழிற்சாலைக் கணினி. சப்ளை ஃபேன், ரிட்டர்ன் ஃபேன், பம்ப், காற்று வழியைத் திறந்து மூடும் டேம்பர் எல்லாம் அதன் பொறுப்பு. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பக்கம் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இறங்கினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு உட்கார நேரம் இருக்காது. இத்தனை வருடங்களில் அந்தப் பிஎல்சி தானாக நின்றதில்லை. அதோடு லேப்டாப்பைப் பேச வைப்பதுதான் பாடு. வாங்க நினைப்பவர்கள் விலையையும் இன்புட், அவுட்புட் எண்ணிக்கையையும் மட்டும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை முதலில் பார்க்க வேண்டியது அதன் போர்ட்டை.

எங்களுடையதில் புரோகிராமிங் போர்ட் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் வகை. இன்றைய லேப்டாப்பில் சீரியல் போர்ட் கிடையாது என்பதால் நடுவில் ஒரு யுஎஸ்பி கன்வர்ட்டர் வந்துவிடுகிறது. பாதித் தொல்லை அதற்குள்தான். விண்டோஸ் 7 இருந்த லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய கன்வர்ட்டர், விண்டோஸ் 11-க்கு மாறியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு நின்றது. உள்ளே இருந்த பழைய சிப்புக்குப் புது டிரைவரில் இடமில்லை. கடைகளில் போலிச் சிப் வைத்த கன்வர்ட்டர்களும் ஏராளம். 2014-இல், கன்வர்ட்டர் சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து போலிச் சிப்களின் பிராடக்ட் ஐடியைச் சுழியாக மாற்றி, கணினிக்கு அவற்றை அடையாளம் தெரியாமல் செய்ததும், எதிர்ப்புக்குப் பிறகு அது திரும்பப் பெறப்பட்டதும் இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். கன்வர்ட்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு ராத்திரி பிளான்ட் நின்றால் ஆகும் நஷ்டத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

டிரைவர் சரியாக ஏறினாலும் கன்வர்ட்டருக்கு விண்டோஸ் தரும் காம் போர்ட் எண்ணில் சிக்கல் உண்டு. வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் எண் மாறிவிடலாம். பழைய புரோகிராமிங் மென்பொருள்கள் சிலவற்றில் காம் 9-க்கு மேல் தேர்ந்தெடுக்கவே வழியில்லை. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி, உபயோகத்தில் இல்லாத பழைய போர்ட்டுகளை நீக்கிவிட்டு, அட்வான்ஸ்டு அமைப்பில் சின்ன எண்ணாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. எஃப்டிடிஐ சிப் என்றால் அதே இடத்தில் வந்த தரவைத் தேக்கிவைக்கும் நேரமான லேட்டன்சி டைமர் 16 மில்லிசெகண்ட் என்று இருக்கும். அதை 1 அல்லது 2 ஆக்கியதும் ஆன்லைன் மானிட்டரிங் இழுக்காமல் ஓடியது. சற்று நேரம் சும்மா விட்டால் இணைப்பு அறுகிறதா? பவர் ஆப்ஷனில், சும்மா இருக்கும் போர்ட்டைத் தூங்கவைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்துப் பாருங்கள்.

"சார், கம்யூனிகேஷன் ஃபெயில்னு வருதுங்க" என்று ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் போன் செய்தால் நான் முதலில் செய்யச் சொல்வது லூப்பேக், அதாவது அனுப்பியதையே திரும்ப வாங்கிப் பார்க்கும் சோதனை. பிஎல்சி பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, கன்வர்ட்டரின் ஒன்பது பின் கனெக்டரில் 2-ஐயும் 3-ஐயும் சின்ன ஒயரால் இணைத்து, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லாமல் டெர்மினல் மென்பொருளில் ஏதாவது தட்டச்சு செய்ய வேண்டும். தட்டியது திரும்பத் திரையில் வந்தால் டிரைவர், கன்வர்ட்டர் இரண்டும் நல்லவை. இனி கேபிளையும் அமைப்புகளையும் பார்க்கலாம். வராவிட்டால் பழுது லேப்டாப், கன்வர்ட்டர் பக்கம்தான், பேனல் கதவைத் திறக்கவே வேண்டாம். இந்த ஒரு சோதனையைப் பழகிக்கொண்ட பிறகு ராத்திரி அழைப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

ஃபேன் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்களோடு பிஎல்சி பேசுவது, பல சாதனங்கள் ஒரே ஒயர் ஜோடியில் சேரும் ஆர்எஸ்-485-இல், மோட்பஸ் ஆர்டியு என்ற தகவல் முறையில். மோட்பஸ் 1979-இல் மோடிகான் கொண்டுவந்தது. இன்னும் பெரும்பாலான டிரைவ்களில் இருக்கிறது. இங்கே மல்ட்டிமீட்டர்தான் துணை. சப்ளையை அணைத்துவிட்டு ஏ, பி ஒயர் இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் இருந்தால் 60 ஓம் அருகில் காட்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 காட்டினால் யாரோ நடுவில் மூன்றாவது டிரைவிலும் டெர்மினேஷன் சுவிட்சைப் போட்டுவைத்திருக்கிறார்கள். பிழை காணச் சேர்க்கும் பேரிட்டி பிட்டின் அமைப்பையும் சரிபாருங்கள். மோட்பஸ் விதிப்படி பொதுவான அமைப்பு ஈவன் பேரிட்டி, ஆனால் பல சாதனங்கள் பேரிட்டி இல்லாமல், ஒரு ஸ்டாப் பிட்டோடு வருகின்றன. ஏ, பி என்ற குறிகளையும் எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி போடுவதில்லை. பதிலே வராவிட்டால் ஒயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் ஆபத்தில்லை.

எங்களை ரொம்ப அலைக்கழித்தது ஃபேன் ஸ்டார்ட் ஆனால் மட்டும் வரும் எரர். நின்றிருக்கும்போது எல்லாம் சரி, மோட்டார் ஓடத் தொடங்கியதும் டைம்அவுட். கம்யூனிகேஷன் கேபிள் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் ஒட்டிப் படுத்திருந்தது. டிரைவின் வேகமான சுவிட்சிங் இரைச்சல் அதில் ஏறிக்கொண்டிருந்தது. டிரேயைப் பிரித்து, குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட்டு, கேபிளின் இரைச்சல் தடுப்பு உறையான ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்து, தகவல் வேகத்தை நொடிக்கு 9600 பிட்டுக்கு இறக்கியதும் அடங்கியது. லேப்டாப் இணைத்தால் மட்டும் எரர் வந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அப்போது சரியானால் இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருக்க வாய்ப்பு அதிகம். இரு பக்கத்தையும் மின்தொடர்பு இல்லாமல் பிரிக்கும் ஐசொலேட்டட் கன்வர்ட்டர் அதற்கு மருந்து. போர்ட் எரிந்துபோகாமல் காப்பதும் அதுவே.

டேட்டா லாகிங்குக்கு வைத்த உபுண்டு 22.04 லினக்ஸ் கணினியிலும் ஒரு கூத்து. சிஎச்340 சிப் வைத்த கன்வர்ட்டரைச் செருகியதும் போர்ட் தோன்றி உடனே மறைந்தது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் நிரல் அந்தச் சிப்பைத் தன் சாதனம் என்று பிடித்துக்கொள்கிறது. அந்தக் கணினியில் பிரெய்ல் திரை தேவையில்லாததால் நீக்கினோம், போர்ட் நின்றது.

இதே பிஎல்சியை இன்னொரு பேனலுக்கு வாங்குவேன், ஆனால் ஈதர்நெட் போர்ட் உள்ள மாடலைத்தான். அதில் டிரைவர் தொல்லை கிடையாது. லேப்டாப்புக்கு பிஎல்சி இருக்கும் அதே சப்நெட்டில் நிலையான ஐபி கொடுத்து, வைஃபையை அணைத்து, ஃபயர்வாலில் புரோகிராமிங் மென்பொருளுக்கு அனுமதி தந்தால் போதும். பேனல் போடுபவரிடம் ஆர்டரிலேயே எழுதி வாங்க வேண்டியவை: ஐசொலேட்டட் ஆர்எஸ்-485, கமென்ட்டோடு கூடிய மூலப் புரோகிராம், அதன் பாஸ்வேர்ட், அந்தப் புரோகிராமைத் திறக்கும் மென்பொருளின் பதிப்பு எண்.