உப்புக்காற்றில் நான்கு மழைக்காலம்: உலர்சாம்பல் கலந்த, தானே நிரம்பும் கான்கிரீட்

ஆரம்பாக்கத்துக்கு அருகே, பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று நேரே வந்து மோதும் மனையில் வீடு கட்டியபோது, அடித்தளத்துக்கும் தூண்களுக்கும் உலர்சாம்பல் (அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் நுண்சாம்பல்) கலந்த, தானே நிரம்பும் கான்கிரீட்டை ஒரு ரெடிமிக்ஸ் நிலையத்திலிருந்து வரவழைத்தோம். சுற்றுவட்டாரத்தில் இருபது ஆண்டுகூட ஆகாத வீடுகளின் தூண்களில், துருவேறிய கம்பி பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வருவதைக் கண்டு எடுத்த முடிவு அது.

அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் இல்லாமலே தன் எடையால் ஓடி நிரம்பும் இக்கான்கிரீட், 1980களில் ஜப்பானில் பேராசிரியர் ஒகமுராவின் முயற்சியால் உருவானது. உத்தரமும் தூணும் சேரும் இடத்தில், ஊசி நுழையவும் வழியில்லாத கம்பி நெருக்கத்துக்குள் அது தேன்போல் இறங்கியதைப் பார்த்தேன். பலகையைப் பிரித்தபோது மரத்தின் ரேகைகூடத் தூணில் பதிந்திருந்தது.

இதன் உழைப்புக்குக் காரணம் சாம்பல்தான். சிமென்ட் இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்புடன் சாம்பலின் சிலிக்கா மெல்ல வினைபுரிந்து நுண்துளைகளை அடைப்பதால், உப்பு கம்பியைச் சென்றடைய நெடுங்காலம் பிடிக்கிறது. அந்த வினை மெதுவானது என்பதால், 28 நாளில் சோதனைக்காக வார்த்த எங்கள் கட்டிகள் தேவையான வலிமையை ஒட்டியே நின்றன, 56 நாளில் தாராளமாகத் தாண்டின. சாம்பல் கலந்த கான்கிரீட்டை 10 நாளாவது ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, நாங்கள் ஈரச் சாக்கைச் சுற்றி 21 நாள் வைத்திருந்தோம், அதுவும் உவர்ப்பான கிணற்று நீரால் அல்ல, லாரியில் வாங்கிய நல்ல தண்ணீரால். சுண்ணாம்பு குறைவதால் காற்றிலுள்ள கரியமில வாயு எளிதில் உள்ளிறங்கிக் கம்பி துருவேற வழிவிடும் அபாயமும் உண்டு. ஆகவே கம்பிக்கு வெளியே அடித்தளத்தில் 50 மி.மீ., தூணில் 45 மி.மீ. கான்கிரீட் கனம் இருக்கும்படி, கம்பியைப் பலகையிலிருந்து விலக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைத்தோம். இதில் கஞ்சம் பிடிப்பவர் இந்தக் கான்கிரீட்டை வாங்கவே வேண்டாம்.

சேவையில்தான் எனக்குக் குறை. எவ்வளவு தானே பரவுகிறது என்று பார்க்கும் சோதனையில், முதல் லாரியின் கலவை தட்டில் 680 மி.மீ. வட்டமாக, ஓரத்தில் நீர் பிரியாமல் பரவியது. வெயிலில் தாமதித்து வந்த இரண்டாவது 550 மி.மீ.கூடப் பரவவில்லை, ஓட்டுநர் நீர் சேர்க்கக் குழாயை எடுத்ததும், ஆந்திரத்துத் தடாவிலிருந்து வந்த எங்கள் மேஸ்திரி "நீள்ளு போயொத்தய்யா!" (தண்ணீர் ஊற்றாதேய்யா!) என்று தெலுங்கில் தடுத்துவிட்டார். நீர் கூடினால் துளைகளும் கூடும், சாம்பலால் கிடைக்கும் நன்மை முழுவதும் வீணாகும் என்பதை அவர் அறிந்திருந்தார். லாரியைத் திருப்பி அனுப்ப ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. மேலும், இக்கலவை நீர்மம்போல் பலகையை அழுத்தும் என்று நிலையத்தார் எச்சரிக்கவில்லை. 3 மீட்டர் தூண் ஒன்றின் அடியில் பலகை விலகிச் சிமென்ட் பால் ஒழுகியதால், உள்ளங்கையளவு இடம் ஜல்லி தெரியும் ஓட்டைகளோடு தேன்கூடாகிவிட்டது.

ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் தூண்களின் அடியைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கிறேன். எங்கும் வெற்றொலி இல்லை, துருக்கறை இல்லை. ஒட்டுப் போட்ட அந்த உள்ளங்கையளவு இடத்தின் ஓரத்தில் மட்டும், சென்ற தை மாதம் மயிரிழை விரிசல் ஒன்று தெரிந்தது. அதன் இரு முனைகளையும் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன்.